தோணா மூலைக் காணி

டிப்பர் தன் வயல் பக்கமாகத் திரும்புவதை ஸுஹைறா தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் நின்றே கண்டுவிட்டாள். பிழிந்த துணியை வாளிக்குள் போட்டுவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினாள். அந்த மாடி வீட்டால் கிடைத்த ஒரே நன்மை இதுதான் என்று அவள் சொல்வதுண்டு: ஊரை யார் யார் எந்தப் பக்கத்தால் விழுங்குகிறார்கள் என்பதை மேலே நின்று வடிவாகப் பார்க்கலாம்.

அவள் போய்ச் சேர்வதற்குள் முதல் டிப்பர் கொட்டிவிட்டுப் போய்விட்டது. அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்ற வயலில் கிறவல் மண் சிவப்புக் குவியலாகக் கிடந்தது. இரண்டாவது டிப்பர் பின்பக்கமாக வரம்பில் ஏறிக்கொண்டிருந்தது. ஸுஹைறா நேரே போய் அதன் பின்னால் நின்றாள். சாரதி தலையை வெளியே நீட்டி, "ராத்தா, வெலகுங்க, வெலகுங்க!" என்று கத்தினான். அவள் விலகவில்லை.

மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று போன் கதைத்துக்கொண்டிருந்த முகம்மது தம்பி ஓடி வந்தார். அவளுடைய காக்கா, கூடப் பிறந்த மூத்தவர். கல்முனையில் சீமெந்தும் கம்பியும் விற்கிற கடைக்காரர். டிப்பர்களும் அவருடையவைதான்.

"என்ன காக்கா இது?"

"என்னகா இப்பிடி நடு வயலுக்குள்ள நிண்டு கத்துறா? எல்லாம் ஒண்ட மகளுக்குத்தான். இப்ப நெரப்பி உட்டாத்தான் கலியாணத்துக்கு முன்னுக்கு ஊட்ட எழுப்பலாம்."

"நான் ஒங்களிட்ட கேட்டனா?"

"கேட்டாத்தான் செய்யணுமா? நான் ஒண்ட காக்கா இல்லியா?"

"காக்காண்டா கேட்டுட்டுச் செய்யணும். களவாக் கொட்டுறவனுக்கு வேற பேரு."

சாரதி சிரிப்பை அடக்கிக்கொண்டு எஞ்சினை நிறுத்தினான். முகம்மது தம்பி சுற்றுமுற்றும் பார்த்தார். வயல் வட்டையில் அங்கங்கே நின்ற விவசாயிகள் வேலையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சரி சரி, ஊட்ட வந்து கதைப்பம்" என்று சொல்லி டிப்பரைத் திருப்பி அனுப்பினார். கொட்டிய கிறவலை மட்டும் அள்ளச் சொல்லவில்லை.

அது 2009ஆம் ஆண்டு ஆவணி மாதம். யுத்தம் முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னர் உள்பக்கத்திலிருந்து ஒரு லோட் கிறவல் கொண்டுவருவதென்றால் வழியெல்லாம் சோதனைச்சாவடி, இறக்கு, ஏற்று, அடையாள அட்டை காட்டு. இப்போது பாதையெல்லாம் திறந்துவிட்டார்கள். சனம் மூச்சு விட்டது. டிப்பர்காரர்கள் கிறவல் அள்ளினார்கள். நேற்றுவரை நெல் நின்ற வயல் இன்று நிரவிய மேடாகவும், நாளை வேலியடித்த வளவாகவும் மாறியது. கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: ஊருக்குள் இடமில்லை.

இடமில்லை என்பது பொய்யில்லை. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒரு முழ அகலத்துக்குக் கிடக்கிற மணல்மேட்டில்தான் இந்த ஊர்களெல்லாம் தோளோடு தோள் முட்டிக்கொண்டு கிடக்கின்றன. இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். பெண்ணுக்கு வீடு வேண்டும். உம்மா தன் வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் ஒரு சமையல் குசினியைக் கட்டிக்கொண்டு போவாள். இரண்டாமவளுக்குக் கலியாணம் என்றால் குசினி வீடாகும், உம்மா இன்னும் பின்னால் போவாள். இப்படியே மகளுக்கு மகள் வெட்டிக் கொடுத்துக் கொடுத்து, ஒரு வீட்டுக் கூரைத் தண்ணீர் அடுத்த வீட்டுக் குசினியில் விழுகிற அளவுக்கு வந்துவிட்டது. அது போதாதென்று, வசதி வந்தவர்கள் மதிலை ஒவ்வொரு தடவை கட்டும்போதும் சனம் நடக்கிற ஒழுங்கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார்கள். சந்தூக்குப் பெட்டியில் மய்யித்தை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு திரும்ப முடியாத ஒழுங்கைகள் அந்த ஊரில் இருந்தன. யாரும் வெட்கப்படவில்லை.

ஸுஹைறாவின் வீடு கடற்கரையோரம் இருந்தது. சுனாமி அதை அத்திவாரத்தோடு கொண்டுபோனது. அவளுடைய மாப்பிள்ளை, கணவன் கச்சிமுகம்மதுவையும் கொண்டுபோனது. பிறகு கரையிலிருந்து அளந்து கோடு போட்டு, இதற்குள் இனி யாரும் வீடு கட்டக்கூடாது என்றார்கள். அவளும் ஒரே மகள் நதீராவும் தகரக் கொட்டிலில் கிடந்தார்கள். ஒரு கொட்டிலில் இருமினால் பத்துக் கொட்டிலுக்குக் கேட்கும். நதீரா அங்கேதான் குமரானாள், அங்கேதான் சோதனைக்குப் படித்தாள், உடுப்பு மாற்றுவதற்கு விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் மாற்றினாள். நாலு வருஷத்துக்குப் பிறகு ஊருக்குள் தொடர்மாடி கட்டி மூன்றாம் மாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். கட்டிய நிறுவனக்காரர்கள் திறப்புவிழாவுக்கு வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தண்ணீர் மூன்றாம் மாடிக்கு ஏறவில்லை என்பதை அவர்களிடம் சொல்ல யாருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

வீட்டைத் தவிர அவளுக்கென்று மிஞ்சியது இந்த வயல் ஒன்றுதான். உம்மா அவளுக்குக் கொடுத்தது. தோணா மூலை என்று பெயர். தோணா என்பது மழைத் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகிற ஓடை. மேலே வட்டையில் நிரம்புகிற தண்ணீரும், ஊருக்குள்ளிருந்து மேற்கே வடிகிற தண்ணீரும் இந்த வயலில்தான் வந்து கூடும், பிறகு அதன் மூலையால் தோணாவுக்குள் இறங்கும். மாரியில் விளைச்சல் பாதிதான் கிடைக்கும். ஆனாலும் அவளுடைய உம்மாவோ, உம்மாவுக்கு முன்னால் இருந்தவர்களோ அந்த வயலுக்கு ஒரு கூடை மண் போட்டு உயர்த்தியதில்லை. போட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். முகம்மது தம்பிக்கும் தெரியும்.

நதீராவுக்கு ஸஜாத் என்ற பையனைப் பேசி முடித்திருந்தார்கள். போன் திருத்தும் கடை வைத்திருந்தான், நல்ல பையன். அவனுடைய உம்மா ஸாலிஹா, மகன் வந்து இருக்கப்போகிற வீட்டைப் பார்க்கவென்று, டிப்பர் வந்த சில நாளில் தொடர்மாடிக்கு வந்தாள். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி, மூன்றாம் மாடிக்கு வந்து சேரும்போது அவளுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தாள். அறையைப் பார்த்தாள், குசினியைப் பார்த்தாள், வாசலைத் திறந்து படியைப் பார்த்தாள்.

"தங்கச்சி, ஊடு நல்லாத்தான் இரிக்கி. வளவு எங்க?"

"மாடிக்கு ஏது ராத்தா வளவு?"

"அதத்தான் நானும் கேக்கன். நாளைக்கி இவளுக்கு ரெண்டு பொம்புளப் புள்ள பொறந்தா எதை வெட்டிக் குடுப்பா? ஆகாசத்துலயா வேலியடிக்கிற? நீ இந்த ஊட்டக் குடுத்துட்டு எங்க போய் இரிப்பா? படிக்கிக் கீழயா?"

ஸுஹைறாவுக்கு வாய்க்கு வந்தது நிறைய. மகளின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். ஸாலிஹா படியில் இறங்கும்போது திரும்பிச் சொன்னாள்: "தோணா மூலை சும்மாதானே கெடக்கு. ஒண்ட காக்கா நெரப்பித் தாறன் எண்டு சொல்றாரு. மண்ணுல ஊடு எண்டா சொல்லு, நாள் வெப்பம். மாடி எண்டா எண்ட மகனுக்கு வேணாம்."

அப்படியென்றால் காக்கா ஏற்கனவே அங்கே போய்க் கதைத்துவிட்டு வந்திருக்கிறார். இது ஏன் என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. மருமகள் மேல் திடீரென்று இவ்வளவு பாசம் எங்கிருந்து வந்தது? அதை விளங்கப்படுத்தியவர் இளையதம்பி. நற்பிட்டிமுனைத் தமிழர். அவருடைய வயல் அவளுடையதற்கு நேர் மேலே இருந்தது. இருவருக்கும் ஒரே வரம்பு. யுத்தக் காலத்தில் இரண்டு பக்கமும் வெட்டும் கொலையும் நடந்த நாட்களில்கூட அந்த வரம்பில் ஒரு சச்சரவு வந்ததில்லை.

"புள்ள, இது ஒங்கட மகள்ர ஊட்டுக் கதை இல்ல," என்றார் அவர். "மேல ஒங்கட காக்காவும் கூட்டாளிமாரும் வாங்கி வெச்சிருக்கிற வயல் இரிக்கிது. அதுக்குப் போக பாதை இல்ல. ஒங்கட வயலால ரோட்டுப் போட்டாத்தான் அத வளவு வளவா வெட்டலாம்."

"இத ஏன் நீங்க இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

இளையதம்பி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "நான் எப்பிடிகா சொல்ற? ஒங்கட வயல் அடைபட்டா எண்ட வேளாண்மை தண்ணில தாண்டு போகும், அது உண்மை. ஆனா நான் வாய் துறந்தா, தமிழன் முஸ்லிம் ஆக்கள்ர காணில கை வெக்கிறான் எண்டு கதைய மாத்திப்போடுவாங்க. மறுகா தண்ணிட கதை போய் இனத்துட கதையாகும். பட்டது காணும் புள்ள."

அவள் அன்று முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்தாள். தண்ணீருக்கு இனமில்லை. ஆனால் தண்ணீரைப் பற்றி ஒரு மனிதன் உண்மை சொல்லவேண்டுமென்றால் அவன் எந்த ஊர், எந்தப் பெயர் என்று பார்க்கிறார்களே, இந்தக் கேவலத்துக்கா யுத்தம் முடிந்தது என்று சந்தோஷப்பட்டோம்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து முகம்மது தம்பியின் விறாந்தையில் ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். மேற்கே வீதி போட்டு ஊரை விரிப்பது பற்றிய கூட்டம். பெண்கள் உள்ளே இருந்து தேத்தண்ணீர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஸுஹைறாவும் உள்ளே நின்றாள்.

ஒருவர் மாத்திரம் மறுத்துக் கதைத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர் காலிதீன் மாஸ்டர். "வயல மூடினா சோத்துக்கு எங்க போற? ஊருக்குள்ளயே மேல கட்டுங்க. கூட்டாச் சேந்து ஒழுங்கைய அகலமாக்குங்க. பிளட்ஸ் மாடில இரிக்கப் பழகுங்க. அதுக்குத் தண்ணி, லைட் ஒழுங்காக் கேட்டு எடுங்க," என்றார்.

"மாஸ்டருக்கென்ன, ரெண்டும் ஆம்புளப் புள்ளையள்!" என்று யாரோ சொன்னார். விறாந்தை முழுக்கச் சிரித்தது. மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். அந்த ஊரில் ஆண் பிள்ளைகளை மட்டும் பெற்றவனுக்கு வீடு பற்றிக் கதைக்க உரிமையில்லை.

ஸுஹைறா கதவுத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். "எனக்குப் பொம்புளப் புள்ள இரிக்கி. நான் கதைக்கன்."

சிரிப்பு நின்றது.

"மாடி ஊடு வேணாம், மண்ணுல ஊடு வேணும் எண்டு எல்லாரும் சொல்றீங்க. நானும் மாடில இரிக்கன். தண்ணிய வாளில தூக்கிட்டு ஏறுறன். அது கஷ்டம்தான். ஆனா ஊருக்குள்ள இடமில்ல, இடமில்ல எண்டு சொல்றீங்களே, இடத்த யாரு திண்ட? ஒழுங்கைய யாரு திண்ட?"

"ஸுஹைறா, உள்ள போ," என்றார் முகம்மது தம்பி.

"போறன். சொல்லிட்டுப் போறன். எண்ட மாப்புள கடலால மௌத்தாகல்ல. தண்ணி வாறத்துக்கு முன்னுக்கே அவரு ஓடத் தொடங்கின. இந்த ஒழுங்கைல, இந்தா இந்த மதிலடில, முன்னுக்கு ஓடின சனம் எறுகி நிண்டிட்டு. ரெண்டு பேரு சோடியாப் போக ஏலாத ஒழுங்கை. பின்னால கடல் வந்திட்டு. அந்த மதில ஒழுங்கைக்குள்ள நீட்டிக் கட்டினது யாரு? சொல்லுங்க காக்கா."

ஐந்து வருஷமாக அவள் அதைச் சொல்லாமல் இருந்தாள். காக்கா ஐந்து வருஷமாக அவள் சொல்லிவிடுவாளோ என்று பயந்துகொண்டிருந்தார். அவருடைய முகம் கறுத்துப் போயிற்று.

"அது கடல் செஞ்ச வேலகா. அல்லாட நாட்டம்."

"கடல் அல்லாட நாட்டம் காக்கா. மதில் ஒங்கட நாட்டம்."

ஒருவர் தொண்டையைச் செருமினார். இன்னொருவர் அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பினார், நேரம் ஆகவேயில்லை. கூட்டம் கலைந்தது. வீதி பற்றி யாரும் முடிவெடுக்கவில்லை. தோணா மூலையை இனி யாரும் தொடமாட்டார்கள் என்று ஸுஹைறா நினைத்தாள். விறாந்தை முழுக்க இருந்த ஆம்பிளைகளை வாயடைக்க வைத்துவிட்டு வந்தவள், அன்று மாலை தன் வீட்டுக்குள்ளேயே தோற்றுப்போனாள்.

ஸாலிஹா ஆள் அனுப்பிவிட்டாள். மண்ணில் வீடு இல்லையென்றால் பேச்சை முறித்துக்கொள்வோம், வேறு இடத்தில் பெண் பார்க்கிறோம் என்று. நதீரா அதைக் கேட்டுக்கொண்டு குசினிக் கதவடியில் நின்றாள். வந்தவர்கள் போனதும் கேட்டாள்.

"ஒங்களுக்கு வயல் பெரிசா உம்மா, நான் பெரிசா?"

"அப்பிடிக் கேக்காத மகள்."

"வேற எப்பிடிக் கேக்க? கொட்டில்ல கெடந்தன். ஒண்டும் கேக்கல்ல. மாடில இரிக்கன். ஒண்டும் கேக்கல்ல. கால எடுத்து மண்ணுல வெக்கிற ஒரு வாசல், ஆரும் காது வெச்சிக் கேக்காத ஒரு சுவர், அதத்தானே கேக்கன். ஊருல எந்த உம்மா இல்லண்டு சொன்ன?"

"தண்ணி எங்கால போகும் மகள்?"

"எல்லாரும் நெரப்புறாங்க. அவங்கட தண்ணியெல்லாம் எங்க போகும்? ஊர்ர தண்ணிக்கு எண்ட வாழ்க்கைதான் வாய்க்காலா? தோணா மூலைய ஒங்கட உம்மா ஒங்களுக்குத் தந்த. ஒங்களுக்கு நான் மட்டும்தான். அது எண்ட. தாங்க."

உம்மாவிடமிருந்து வந்தது மகளுக்குப் போகவேண்டும். அந்த ஊரில் அதை மறுத்த பெண் ஒருத்தியையும் ஸுஹைறாவுக்குத் தெரியாது. நதீரா அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம். இருட்டில் உடுப்பு மாற்றி வளர்ந்த பிள்ளை தன் பங்கைக் கேட்டுக்கொண்டு நின்றாள். கொட்டில் காலத்துக்கெல்லாம் சேர்த்து ஸுஹைறா தலையை ஆட்டினாள். அடுத்த கிழமை காணியை மகளின் பெயருக்கு எழுதிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு டிப்பர்கள் வரிசையாக வந்தன. முகம்மது தம்பி தங்கச்சியோடு பேச்சை வெட்டிக்கொண்டார், ஆனால் மருமகளின் காணியை நன்றாக உயர்த்திக் கொடுத்தார். வீடும் எழும்பியது. வீட்டுக்கு முன்னால் அகலமான கிறவல் வீதி, தோணா மூலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மேலேயிருந்த வயல்களுக்குப் போனது. தண்ணீர் போவதற்கென்று வீதிக்கடியில் ஒரு சீமெந்துக் குழாயைப் புதைத்தார்கள். அதன் வாயில் ஒரு தேங்காய்கூட முட்டுப்படாமல் போகாது. கலியாணம் சிறப்பாக நடந்தது. மண்ணில் வீடு பார்த்து ஸாலிஹா வாயாரப் புகழ்ந்தாள். நதீரா உம்மாவையும் அங்கேயே வந்து இருக்கச் சொன்னாள். ஸுஹைறா மாடியை விட்டு இறங்கவில்லை.

ஒரு மாரி மழை குறைவாகத் தப்பிப் போனது. பாருங்கள், ஒன்றும் ஆகவில்லையே என்றார்கள். வீதியின் இரண்டு பக்கமும் வளவுகள் விலைப்பட்டன.

2011 ஜனவரியில் மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்யும் மழையில்லை, பகலும் இரவும் ஒரே ஊற்றாக ஊற்றியது. வட்டை முழுக்க வெள்ளக் காடு. மேற்கே சவளக்கடைப் பக்கமிருந்து வந்த தண்ணீரும் ஊருக்குள்ளிருந்து வடிந்த தண்ணீரும் கிறவல் வீதியில் வந்து முட்டி, குழாய் வாய் அடைபட்டு, போக வழியில்லாமல் திரும்பி ஊருக்குள் ஏறியது. நெருக்கிக் கட்டிய வீடுகளுக்குள் முழங்கால், பிறகு இடுப்பு. மலசலகூடக் குழித் தண்ணீரும் குடிநீர்க் கிணறும் ஒன்றாயின. மேசைக்கு மேல் கதிரை வைத்து, கதிரைக்கு மேல் பிள்ளைகளை வைத்தார்கள். தொடர்மாடிப் படியெல்லாம் சனம் ஏறி நின்றது. ஸாலிஹாவும் சோற்றுப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறி வந்தாள். படியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஸுஹைறா மேலே நின்று பார்த்தாள். வீதிக்கு இந்தப் பக்கம் தண்ணீர் வீங்கி நின்றது. அந்தப் பக்கம் தோணா பாதி வெறுமையாகக் கிடந்தது. இளையதம்பியின் வயல் இருந்த இடமே தெரியவில்லை. நடுவில் மேட்டில் நதீராவின் வீடு காய்ந்த வாசலோடு நின்றது. போன் அடித்தது.

"உம்மா, ஏன் அங்க நிண்டு கஷ்டப்படுறீங்க? இங்க வாங்க. எங்கட ஊட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணி வரல்ல," என்றாள் நதீரா. அவளுக்கு அது மாதம் நிறைந்த நேரம்.

"வாறன் மகள்," என்றாள் ஸுஹைறா.

கீழ் வீட்டுக்காரரிடம் ஒரு மண்வெட்டி வாங்கிக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீரில் நடந்து போனாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று தெரிந்துகொண்டு ஒரு கூட்டமே பின்னால் வந்தது. ஆனால் மண்வெட்டி பிடித்தவள் அவள் ஒருத்திதான். கிறவல் வீதியில் ஏறி, குழாய் புதைத்திருந்த இடத்தில் நின்று ஓங்கிக் கொத்தினாள். கிறவல் இறுகிப் போயிருந்தது. சில்லுச் சில்லாகத்தான் கிளம்பியது. மறுபக்கத்தால் இளையதம்பியும் இன்னும் இரண்டு நற்பிட்டிமுனைக்காரர்களும் மண்வெட்டிகளோடு வந்து நின்றார்கள். நின்றார்கள், அவ்வளவுதான். முதல் வெட்டுத் தங்களுடையதாக இருந்தாலும் ஆபத்து, இரண்டாவது வெட்டு என்றாலும் ஆபத்து என்று அவர்களுக்குத் தெரியும்.

முகம்மது தம்பி குடையோடு ஓடி வந்தார். "நிப்பாட்டுகா! ஆருட்டக் கேட்டு வெட்டுறா? பொலிசுக்குச் சொல்லுவன்!" பிறகு இளையதம்பியைப் பார்த்துக் கையை நீட்டினார். "நீங்க எங்கட ஊர்க் காணில கை வெச்சா நடக்கிறதே வேற!"

"காணி எண்ட," என்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள் ஸுஹைறா.

"ஒண்ட இல்ல. ஒண்ட கையால எழுதிக் குடுத்திட்டா. இது நதீராட காணி. நதீராட ரோட்டு. காணிக்காரி சொல்லட்டும், நான் வாயப் பொத்திட்டுப் போறன்."

எல்லோரும் வீட்டைப் பார்த்தார்கள். நதீரா வாசல் படியில் நின்றாள். ஒரு கை வயிற்றில், ஒரு கை கதவு நிலையில். ஸஜாத் பக்கத்தில் நின்றான். வீதியை வெட்டினால் இந்த வீடு தீவாகிவிடும். வலி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வாகனம் வராது. அது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் விளங்கியது. ஸஜாத் அவளுடைய காதில் ஏதோ சொன்னான். அவள் அவனை விலக்கிவிட்டு மழையில் இறங்கி மெதுவாக நடந்து வந்தாள். ஊருக்குள்ளிருந்து மிதந்து வந்த பாய், சட்டி, ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடப் பை எல்லாம் வீதியோரம் ஒதுங்கி ஆடிக்கொண்டிருந்தன. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா," என்றாள் இளையதம்பியைப் பார்த்து. "இது எண்ட காணி. நான் சொல்றன். வெட்டுங்க."

மூன்று மண்வெட்டிகளும் ஒன்றாக விழுந்தன. பின்னால் நின்றவர்களும் ஓடி வந்து கையால் கிறவலை வாரினார்கள். முகம்மது தம்பி குடையைப் பிடித்தபடி நின்றார், யாரும் அவரைப் பார்க்கவில்லை. தண்ணீர் முதலில் கயிறு மாதிரி வழிந்தது, பிறகு இரண்டு கரையையும் இடித்துக்கொண்டு சத்தத்தோடு தோணாவுக்குள் பாய்ந்தது. வெட்டின் ஒரு பக்கம் உம்மா, மறுபக்கம் மகள்.

அந்தச் சத்தத்துக்கு மேலால் நதீரா கத்திக் கேட்டாள். "அண்டைக்கி நான் கேக்கக்குள்ள ஏன் உம்மா இல்லண்டு சொல்லல்ல?"

ஸுஹைறா காக்காவுக்குப் பதில் சொன்னவள், ஸாலிஹாவுக்குப் பதில் வைத்திருந்தவள், விறாந்தை நிறைய இருந்த ஆம்பிளைகளை வாயடைக்க வைத்தவள். மண்வெட்டியை மறுபடி ஓங்கி, தன் காலடிப் பக்கத்துக் கரையை இன்னும் கொஞ்சம் வெட்டி அகலமாக்கினாள்.